சுருதிப்பெட்டியும் தாளப்பெட்டியும்: தலையில் அடிபட்ட வயலின்காரர் வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி (தம்புராவுக்குப் பதிலாக ஆதார சுருதியை விடாமல் ஒலிக்கிற பெட்டி, தம்புரா பெட்டி என்றும் சொல்வார்கள்) பற்றித் தேடினால் நாதம் எப்படி, நிஜத் தம்புரா மாதிரி இருக்கிறதா, வெளியூர் கச்சேரிக்குத் தூக்கிப்போக வசதியா என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கச்சேரி செய்கிறவர்களுக்கும் பாட்டுப் படிக்கிற பிள்ளைகளுக்கும் அது போதும். ஆனால் மூளையில் அடிபட்டு வீட்டோடு இருக்கிற ஒரு வாத்தியக்காரருக்கு இதை வாங்கித் தரலாமா, எப்போது தரலாம், எந்த மாதிரி வாங்குவது என்று நான் தேடியபோது ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்கலாம். அதிலும் என்னைப் போல சங்கீதம் தெரியாத மனைவியோ கணவரோ கூட இருந்து பார்த்துக்கொள்கிற வீடு என்றால் கட்டாயம் வாங்கலாம்.

என் வீட்டுக்காரர் வயலின் வாசிப்பவர். மதுரை, சிவகங்கை, விருதுநகர் பக்கம் கோயில் கச்சேரி, கல்யாணக் கச்சேரி, பரதநாட்டிய அரங்கேற்றம் என்று வருஷக்கணக்காகப் பக்கவாத்தியம் வாசித்தவர், சாயங்காலமானால் திருநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். நான் வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். மானாமதுரையில் ஒரு கச்சேரி முடித்து ராத்திரி பைக்கில் திரும்பும்போது விரகனூர் தாண்டி ரிங் ரோட்டில் விபத்து. ஹெல்மெட் பட்டையை மாட்டியிருந்ததால் உயிர் தங்கியது. இடது பக்க மூளையில், நெற்றிக்குப் பின்னாலும் காதுக்கு மேலேயும் ரத்தக்கட்டு, உடனே ஆபரேஷன். (இதைப் படிக்கிற யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன்: 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு தொகை வரைக்கும் இலவசம், திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் கூட. காப்பீட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும் கிடைக்கும். அந்த ராத்திரியில் பணத்துக்கு ஓடுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.)

கண் விழித்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் வலது காலும் பலமில்லாமல் இருந்தன. வலது கைதான் வில் பிடிக்கிற கை. தந்தி மேல் ஓடுகிற இடது கை விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் புரிந்தது, பதில் சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை வராது, வந்தால் வேறு வார்த்தை வரும், என்னை அவருடைய தங்கச்சி பெயரால் கூப்பிட்டுவிட்டு அது தப்பு என்றும் அவருக்கே தெரிந்து தலையில் அடித்துக்கொள்வார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். கோபம் அதிகம். அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. நெற்றிப் பக்கத்து மூளையில் அடிபட்டால் கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற சக்தி குறையும், அதோடு சில வலிப்பு மாத்திரைகளும் எரிச்சலைக் கூட்டும் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு "ஆளே மாறிட்டாரே" என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போவார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் சொல்லாதீர்கள். அவருக்குக் கேட்கிறது, புரியவும் செய்கிறது.

அவரிடம் படிக்கிற மாணவன் ஒருவன் பார்க்க வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், சின்ன வயதில் எல்லோரும் படிக்கிற ஒரு கீதத்தை மெல்லப் பாடினான். இவர் கூடவே பாடினார். சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள் முழுவதும், ஒரு எழுத்து பிசகாமல். தண்ணீர் கேட்க வார்த்தை இல்லாதவர் கீதம் முழுவதையும் பாடினார். ஸ்பீச் தெரபிஸ்ட் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பேச்சுக்கு இடது பக்க மூளை முக்கியம், பாட்டுக்கு வலது பக்கமும் சேர்ந்து வேலை செய்கிறது, அதனால் பேச்சு போனவர்களில் பலருக்குப் பாட்டு தங்கும் என்றார். 1973-லேயே அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் இதை வைத்து ஒரு பயிற்சி முறை உண்டாக்கினார்களாம். அன்றாடம் பேசுகிற சின்னச் சின்ன வாக்கியங்களை இரண்டே ஸ்வரத்தில் ராகம் போட்டு இழுத்துச் சொல்ல வைப்பது, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தட்ட வைப்பது, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் பேச்சாக்குவது. "வீட்ல தினமும் பண்ணுங்கக்கா" என்று சொல்லிக்கொடுத்தும் அனுப்பினார்.

பிரச்சனை என்னவென்றால் எனக்குப் பாட வராது. நான் ஒரு இடத்தில் பிடித்தால் இன்னொரு இடத்தில் போய் நிற்பேன். அவர் காது அப்படியே இருந்தது, நான் சுருதி விலகின உடனே முகத்தைச் சுளித்து நிறுத்திவிடுவார். அப்போதுதான் இந்தப் பெட்டி வாங்கும் யோசனை வந்தது. அவருடைய பழைய தம்புரா பெட்டி விபத்தில் பைக்கோடு போய்விட்டது.

வாங்கியது மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில் இருக்கும் பழைய வாத்தியக்கடையில். கம்பெனி பெயர் எழுதவில்லை, நான் சொல்கிற நல்லதும் குறையும் இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்கிற பொறியாளர், அவரே புல்லாங்குழல் கலைஞரும் கூட, 1970-களின் கடைசியில் எலக்ட்ரானிக் தம்புராவைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இது புகாத கச்சேரி மேடை இல்லை. கடைக்காரர் புதிய டிஜிட்டல் மாடலைத்தான் முதலில் காட்டினார், சின்னத் திரை, நாலைந்து பட்டன், அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி. நான் திருகுகிற குமிழ் வைத்த சாதா மாடலைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவரே இரண்டையும் மேஜை மேல் வைத்து, "இடது கையால மட்டும் திருப்பிப் பாருங்கம்மா, எது சுலபமா இருக்குனு" என்றார். அந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பெட்டியில் இருப்பது இவ்வளவுதான்: எத்தனை கட்டை, அதாவது சுருதி எவ்வளவு உயரம், என்று வைக்க ஒரு குமிழ், நுணுக்கமாகச் சேர்க்க ஒன்று, பஞ்சமமா மத்யமமா என்று மாற்ற ஒரு சுவிட்ச், மீட்டுகிற வேகத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. அவருக்கு எந்தக் கட்டை என்றுகூட எனக்குத் தெரியாது. மாணவன்தான் "சார் தனியா சாதகம் பண்ணும்போது ரெண்டு கட்டைல வச்சுக்குவார்மா" என்று சொன்னான். அந்த இடத்துக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தேன். சத்தக் குமிழுக்கு இன்னொரு பொட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று. அதோடு என் சங்கீத ஞானம் முடிந்தது, மற்றதைப் பெட்டி பார்த்துக்கொண்டது. ஷட்ஜமும் பஞ்சமமும் (ஸா, பா) நிலையாக ஒலித்துக்கொண்டிருக்கும், அவர் இடது பக்கம் உட்கார்ந்து அவர் இடது கையை என் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே "தண்-ணி வே-ணும்" என்று கீழும் மேலுமாக இழுப்பேன், நான் விலகினாலும் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஆதாரம் இருக்கும். அப்படி வந்த முதல் வார்த்தை "தண்ணி". என் பெயர் வர ரொம்ப நாள் ஆனது. வந்த அன்று அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து அழுதேன், அவர் விடாமல் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஷட்ஜத்தில் தொடங்கி.

ஆனால் எடுத்தவுடனே இதைப் போட்டுவிடாதீர்கள். தலையில் அடிபட்ட பலருக்குச் சத்தம் தாங்காது. எங்கள் வீட்டில் குக்கர் விசில் வந்தால் காதைப் பொத்துவார், மிக்ஸியில் அரைக்க வேண்டியதைப் பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் அரைத்துக்கொண்டு வருவேன், திருப்பரங்குன்றம் பக்கம் திருவிழாக் குழாய் ரேடியோ கட்டினால் பின்னறை ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிடுவேன். அந்த நிலையில் தம்புரா ஒலியும் சத்தம்தான். நாங்கள் மத்தியானம் தெரு அடங்கின பிறகு, பெட்டியை அறைக்கு வெளியே வைத்து, கேட்டும் கேட்காத அளவில்தான் தொடங்கினோம். அவர் கையைக் காட்டி உள்ளே கொண்டுவரச் சொல்கிற வரைக்கும் உள்ளே கொண்டுபோகவில்லை. அது சரியான வழி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொன்று களைப்பு. நமக்குக் களைப்பு வருவது மாதிரி இல்லை இது, அடிபட்ட மூளை சாதாரண வேலைக்கே அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது, திடீரென்று எல்லாம் அணைந்துவிடும். கண் இமை கனக்கும், வலது கால் தேய ஆரம்பிக்கும், சொல்ல ஆரம்பித்த வார்த்தை பாதியில் நிற்கும், அதற்கு அப்புறம் கோபம் வரும். கோபம் வருவதற்கு முன்னால் பெட்டியை அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குக் களைப்பு தெரியாது, அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும், அவரும் நிறுத்த மாட்டார், வாத்தியக்காரர்களுக்குச் சாதகத்தைப் பாதியில் விடுவது பழக்கமில்லை. நிறுத்துவது கூட இருப்பவர் வேலை. பத்து நிமிஷம் பயிற்சி, அதற்கு மூன்று மடங்கு படுக்கை, இப்படித்தான் எங்களுக்கு ஒத்துவந்தது.

ராத்திரிகளில் போனில் படித்துக்கொண்டிருப்பேன். பாட் மார்டினோ என்று ஒரு அமெரிக்க ஜாஸ் கிடார்காரர், 1980-ல் மூளையில் ஆபரேஷன் ஆகி, தான் கிடார் வாசிப்பவர் என்பதே மறந்துபோய், தன்னுடைய பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே திரும்பக் கற்றுக்கொண்டு 1987-ல் மறுபடி மேடையேறியிருக்கிறார். இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்கிற இசைக்கலைஞருக்கு 1985-ல் மூளைக் காய்ச்சல் வந்து, சில வினாடிக்கு முன் நடந்ததுகூட நினைவில் நிற்காது, ஆனாலும் பியானோ முன்னால் உட்காரவைத்தால் வாசிப்பார், மனைவி டெபோரா அறைக்குள் வந்தால் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பது போலக் கட்டிக்கொள்வார். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மார்டினோ கதையை நம்பி இவருடைய பழைய கச்சேரி ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். தன் வில்லின் ஓட்டத்தைத் தானே கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருவருக்குச் சரிப்பட்டது இன்னொருவருக்குச் சரிப்பட வேண்டும் என்று இல்லை. ஒலிப்பதிவு அவர் இழந்ததைக் காட்டியது, சுருதிப்பெட்டி அவரிடம் எதையும் எதிர்பார்க்காமல் பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது, ஒரு "ஸா" சேர்ந்தால் அன்றைக்கு அது போதும்.

அதற்காகப் பெட்டி வலிக்கவே வலிக்காது என்று சொல்ல வரவில்லை. வில் எடுத்த காலத்தில் வலித்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், வில்லின் அடிப்பக்கம் ஸ்பாஞ்சு சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார், முதலில் வெறும் தந்திகளை இழுப்பது மட்டும்தான். வில் நடுங்கும், தந்தியிலிருந்து வழுக்கும், கீச்சென்று சத்தம் வரும். பின்னால் பெட்டி சுத்தமாக ஒலிக்கும்போது அந்த வித்தியாசம் எனக்கே கேட்டது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும். ஒரு நாள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பெட்டி இல்லாமல்தான் வில் பயிற்சி. வில் ஓரளவு நேராக ஓடத் தொடங்கியதும் அவரே பெட்டியைக் காட்டினார். இடது கை, ஆரம்பப் பாடமான சரளி வரிசையை முதல் நாளே வாசித்துவிட்டது, வலது கை அதற்கு வந்து சேர மாதங்கள் பிடித்தன.

தாளப்பெட்டி கதை வேறு. ஆதி தாளம், ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு என்று எல்லாம் உள்ளே இருக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மிருதங்கச் சொல்லோடு வைக்கலாம் அல்லது வெறும் தட்டாக வைக்கலாம். இதை நான் வாங்கியது வாசிப்புக்காக, அதிகம் உதவியது நடைக்கு. காதில் விழுகிற சீரான தட்டுக்குக் கால் தானாக ஒத்துப்போகும், மூளையில் கேட்கிற பகுதிக்கும் அசைவைப் பார்த்துக்கொள்கிற பகுதிக்கும் அவ்வளவு நெருக்கமான தொடர்பு. மைக்கேல் தாட் என்கிற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் 1990-களில் இதை ஒரு பயிற்சியாகவே ஆக்கினார். 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும், அதில் பெரும்பாலானவர்கள் பக்கவாத நோயாளிகள், தட்டுக்கு ஏற்ப நடக்கிற பயிற்சி நடையைச் சீராக்க உதவலாம் என்றுதான் வந்திருக்கிறது. எங்கள் பிசியோ முதலில் இவர் இயல்பாக எவ்வளவு வேகத்தில் நடக்கிறார் என்று எண்ணி, அந்த வேகத்துக்கே பெட்டியை வைத்து, பழகிய பிறகு துளி கூட்டினார். வெறும் தட்டுதான் வைக்க வேண்டும். மிருதங்கச் சொல் வைத்தால் இவர் நடப்பதை விட்டுவிட்டு அதைக் கேட்க நின்றுவிடுவார். கூடத்திலிருந்து வாசல் வரை ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), திரும்பி வர ஒரு ஆவர்த்தனம், நான் பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். தையல் மிஷினைத் தவிர வேறு தாளம் அறியாத நான் இப்போது ஆதி தாளம் போடுவேன், சமம் தவறாது.

வாசிப்போடு தாளத்தைச் சேர்ப்பது மட்டும் மிகவும் கஷ்டம். தந்தியைப் பார்க்க வேண்டும், வில்லைப் பார்க்க வேண்டும், தட்டையும் கேட்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்றைக் கவனிக்கிற சக்தியைத்தான் இந்தக் காயம் முதலில் பறிக்கிறது. இதில் அவசரமே கூடாது. எங்களுக்கு இன்னும் முதல் காலத்தில்தான், அதாவது ஆக மெதுவான வேகத்தில்தான், நிற்கிறது.

இனி குறைகள். சுவிட்சைப் போட்டதும் முந்தின நாள் வைத்த சத்தத்தில் சட்டென்று கிளம்பும், மெல்ல ஏறி வருகிற ஏற்பாடு இல்லை, சத்தம் தாங்காதவருக்கு இது நிஜமான கொடுமை. அதனால் அணைக்கும்போதே சத்தக் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு அணையுங்கள். அடாப்டரில் போட்டால் அடியில் ஒரு இரைச்சல் வருகிறது, நமக்குக் கேட்காது, அவருக்குக் கேட்கிறது, பேட்டரியில் போட்டால் இல்லை. குமிழ்கள் சின்னவை, வழுக்குகின்றன, நான் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருக்கிறேன். வெள்ளிப் பூச்சின் மேல் சாம்பல் எழுத்து, கண் தெளிவாக இருப்பவர்களுக்கே படிக்கச் சிரமம். தாளப்பெட்டியில் தாளம் மாற்ற ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டும், ஒன்று கூடுதலாக அமுக்கிவிட்டால் முழுச் சுற்றும் வர வேண்டும், இது அவரால் தனியாகச் செய்ய முடியாத வேலை. பழுது பார்ப்பது மதுரையில் இல்லை, கூரியரில் அனுப்ப வேண்டும், வர வாரக்கணக்கில் ஆகிறது, அந்த இடைவெளியில் அவர் தவித்துப்போனார்.

போனில் இலவசமாகச் செயலி கிடைக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாதம் சில செயலிகளில் இந்தப் பெட்டியை விட நன்றாகவே இருக்கிறது. நாங்கள் வைத்துப் பார்த்தோம், நடுவில் போன் அடிக்கிறது, விளம்பரம் வருகிறது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, நடுங்குகிற விரல் வேறெங்கோ பட்டு வேறெதுவோ திறக்கிறது. குமிழ் அப்படி இல்லை, திருப்பினால் திரும்பும், விட்டால் நிற்கும். வலது கையால் அவர் தானாகச் செய்த முதல் காரியங்களில் ஒன்று அந்தச் சத்தக் குமிழைத் திருப்பியது. செயலி இதைத் தந்திருக்காது.

இப்போது அவர் மெதுவாகப் பேசுகிறார், களைத்தால் வார்த்தை தடுமாறும். கைத்தடியோடு தெருமுனை வரை போய்வருகிறார். கச்சேரிக்கு இன்னும் போகவில்லை, போவாரா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. இந்த நவராத்திரிக்கு அடுத்த தெருவில் கொலு வைத்த வீட்டில் இரண்டு சின்னக் கீர்த்தனை வாசித்தார், மெதுவான விளம்ப காலத்தில், பக்கத்தில் இந்தப் பெட்டி. ஆரம்பப் பிள்ளைகள் இருவர் மறுபடி படிக்க வருகிறார்கள். அவர்களுக்குச் சுருதி சேர்த்துக்கொடுப்பது நான், பொட்டு இருக்கும் இடத்துக்குக் குமிழைத் திருப்பினால் ஆச்சு.

வாங்கப் போகிறவர்களுக்கு: சுருதிப்பெட்டிக்கு ஐந்தில் நாலரை தருவேன், தாளப்பெட்டிக்கு மூன்றரை. இரண்டையும் ஒன்றாக வாங்காதீர்கள், முதலில் சுருதி மட்டும், தாளத்தைப் பிசியோவோ டாக்டரோ சொன்ன பிறகு வாங்கிக்கொள்ளலாம். அடிபட்டவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம், டவுன் நெரிசலும் ஹாரனும் அவருக்கு ஆகாது, கடையிலிருந்து போனில் ஒலிக்கவிட்டு அவர் முகத்தை வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழ் பெரிதாக இருக்கிற மாடலையே எடுங்கள், பேட்டரியில் ஓடுகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.